வணிகக் கணிதமும் விட்டுப்போன படிகளும்

இது சற்று நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். வீட்டில் பி.காம்., பி.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.

போன ஆண்டு ஆடி மாதம் ஒரு மாலை நேரம். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"சார், என்னைத் தெரியுதா?"

முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. அவளே சொன்னாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. உட்காரச் சொன்னேன். கையில் இருந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி பேசினாள்.

"பிசினஸ் மேக்ஸ்ல அரியர் சார். ரெண்டு தடவை எழுதிட்டேன். அம்மா நிறுத்திடலாம்னு சொல்றாங்க. ஜவுளிக்கடையில ஆள் எடுக்கிறாங்களாம். நீங்க சொல்லிக் குடுப்பீங்களா சார்?"

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். வாழ்நாள் முழுவதும் தொடக்கப் பள்ளியில்தான் வேலை பார்த்தேன். கல்லூரிக் கணக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் ஒரு தாளை நீட்டி, "முக்காலும் அரைக்காலும் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். அவளுக்கு அந்தச் சொற்கள் புரியவில்லை. 3/4 + 1/8 என்று எழுதிக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 4/12 என்று எழுதினாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பின்னக் கூட்டல் ஐந்தாம் வகுப்புப் பாடம். அவளுக்கு அதை நடத்தியவன் நான்.

அது 2016ஆம் ஆண்டு மூன்றாம் பருவம். சட்டமன்றத் தேர்தல் மே மாதம். வாக்காளர் பட்டியல் வேலை, பயிற்சி வகுப்பு என்று பாதி நாள் நான் பள்ளியில் இல்லை. பின்னப் பாடத்தை நான்கே நாளில் 'முடித்தேன்'. அதன்பின் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கும் வழக்கம் இல்லை. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது கொரோனா வந்தது. பத்தாம் வகுப்பில் அரசு பொதுத்தேர்வே வைக்காமல் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தது. மேல்நிலையில் அவள் எடுத்தது கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவு. கல்லூரிக்குப் போனதும் முதல் பருவத்திலேயே அணி, வகையீடு, கூட்டு வட்டி எல்லாம் சேர்ந்து வந்து நின்றன. நடுவில் எத்தனை படி விட்டுப் போயிருக்கிறது பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் அந்தப் பாடத்தில் தோற்றவன். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியபோது முதல் அணியில் படித்தவன் நான், வரலாற்றுப் பிரிவு. வேலைக்கு வந்தபின் அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தேன். மற்ற தாள்கள் எல்லாம் தேறின. வணிகக் கணிதம் மூன்று முறையும் போயிற்று. நான்காம் முறை பணம் கட்டவில்லை. 'நமக்குக் கணக்கு வராது' என்று சொல்லிக்கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஓட்டிவிட்டேன். அந்த வாக்கியத்தை இந்தப் பெண்ணும் சொன்னபோதுதான் அது எவ்வளவு மோசமான வாக்கியம் என்று தெரிந்தது.

"நாளையிலிருந்து சாயங்காலம் வா. நானும் உன்னோடு சேர்ந்து படிக்கிறேன்" என்றேன்.

அவளுடைய புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பாடம் அணிகள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்குத் தெரிந்தது வரலாறு. சரி, இந்தக் கணக்கெல்லாம் எந்த வரிசையில் உலகத்துக்கு வந்தது, யாருக்கு எதற்காக வேண்டியிருந்தது என்று தேடிப் படித்தேன். அந்த வரிசையிலேயே அவளுக்கும் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது எண்சுவடி. அதில் முழு எண் வாய்பாடு மட்டுமல்ல, பின்ன வாய்பாடும் உண்டு. அரை, கால், அரைக்கால், அதிலும் பாதி மாகாணி, அதாவது 1/16. மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. முந்திரி என்றால் 1/320. அதற்கும் கீழே, முந்திரியில் முந்திரியாகக் கீழ்முந்திரி என்று ஒன்று, அது 1/1,02,400. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் இவை வேண்டியிருந்தன. காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இந்தக் கணக்குகளைச் செய்யுளாகவே சொல்லிக் கொடுத்தன.

இதில் பெருமைப்பட்டுக்கொள்ள இருப்பது போலவே வருத்தப்படவும் இருக்கிறது. அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் உட்காரவில்லை. பெண் பிள்ளைகள் அநேகமாக இல்லை. களத்தில் நெல்லைத் தூற்றியவர்களின் பிள்ளைகளும் இல்லை. அவர்களுடைய கூலியை அளந்து கணக்குச் சொன்னவர் வேறொருவர். கணக்கு தெரிந்தவர் சொன்னதே கணக்கு. இந்தப் பெண்ணின் பாட்டி, பூட்டியெல்லாம் அப்படி அளக்கப்பட்ட நெல்லைத்தான் முறத்தில் வாங்கியிருப்பார்கள்.

பின்னம் நம் வாழ்க்கையில் இருந்து மறைந்தது எப்போது? என் அப்பா காலத்தில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. காசை எண்ணினாலே பின்னம் வந்துவிடும். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா ஆயிற்று. எடையும் அளவும் மெட்ரிக் முறைக்கு மாறின. கணக்குப் போடுவது சுலபமாயிற்று, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைத்தெருவே கற்றுக்கொடுத்த பின்னத்தை இனிப் பள்ளிக்கூடம் மட்டும்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் நான்கு நாளில் முடித்தேன்.

அடுத்து திரைராசிகம். மூன்று எண் தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கும் விதி. ஐந்து கிலோ 275 ரூபாய் என்றால் எட்டு கிலோ எவ்வளவு என்பது போன்ற கணக்கு. 499ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் இதை எழுதிவைத்தார். வட்டிக்கு வட்டி வரும் கணக்கும் அவர் நூலில் இருக்கிறது. பாஸ்கரரின் லீலாவதியில் கடன், கூட்டு வியாபாரம், பண்டமாற்று எல்லாம் உண்டு. வணிகக் கணிதம் நமக்கு அந்நியமான சரக்கு இல்லை.

இங்கிருந்து எண்கள் அரேபியர் வழியாக மேற்கே போயின. பாக்தாத்தில் இருந்த அல்குவாரிஸ்மி இயற்கணித நூல் எழுதியபோது, சொத்துப் பங்கீட்டுக்கும் வியாபாரத்துக்கும் மக்களுக்கு உதவும் என்றுதான் எழுதினார். இத்தாலியில் பீசா நகரத்து லியனார்டோ, பிபனாச்சி என்றால் பலருக்குத் தெரியும், இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயா துறைமுகத்தில் அப்பாவோடு இருந்தபோது இந்த எண்களைக் கற்றார். 1202இல் அவர் எழுதிய நூலில் சரக்கு விலை, கூட்டு வியாபாரம், நாணய மாற்று என்று வியாபாரிகளின் கணக்குகள் நிறைய உண்டு.

சரி, உடனே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 1299இல் புளோரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர் சங்கம் தங்கள் கணக்கேடுகளில் இந்த எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டது. பணத்தைக் கையாள்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே புதிய எழுத்து மிரட்சியாக இருந்திருக்கிறது. பழகுவதற்குத் தலைமுறைகள் ஆயின. இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள். "அப்ப நான் ரெண்டு செமஸ்டர்ல திணறினது பரவாயில்ல சார்" என்றாள். அன்றுதான் அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

பிறகு அங்கே வியாபாரிகளின் பிள்ளைகளுக்கென்றே கணக்குப் பள்ளிகள் வந்தன. ஏறக்குறைய பதினோரு வயதுப் பையன்கள் இரண்டு ஆண்டுகள் பெருக்கல், பின்னம், மூன்று எண் விதி, வட்டி, நாணய மாற்று என்று படித்தார்கள். கவனியுங்கள், பின்னம் முன்னால், வட்டி பின்னால். மேற்கில் அச்சான முதல் கணித நூல் என்று நமக்குத் தெரிய வருவது 1478இல் ட்ரெவிசோ நகரில் வந்த வியாபாரக் கணக்குப் புத்தகம். பதினாறு ஆண்டு கழித்து, 1494இல் லூக்கா பச்சோலியின் பெரிய நூல் வெனிஸில் வந்தது. நம் பி.காம். பிள்ளைகள் படிக்கும் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியவர் அவர். பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கு 72ஐ வட்டி வீதத்தால் வகுக்கச் சொன்னதும் அதே நூலில் இருக்கிறது. 8 சதவீதக் கூட்டு வட்டி என்றால் 9 ஆண்டு. 12 சதவீதம் என்றால் 6 ஆண்டு. போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்டச் சரியாக வரும்.

இந்த இடத்தில் என்னை உலுக்கிய ஒரு செய்தி. அந்தக் காலத்தில் கூட்டு வட்டிக்கு அட்டவணைகள் இருந்தன. ஆனால் வங்கிக்காரர்கள் அவற்றைக் கையெழுத்துப் பிரதியாக வைத்துக்கொண்டு வெளியே காட்டுவதில்லை. 1582இல் சைமன் ஸ்டெவின் என்பவர் வட்டி அட்டவணைகளை அச்சிட்டு வெளியிட்டார். அவை சிலரிடம் ரகசியமாக இருந்ததை அவரே குறிப்பிட்டிருக்கிறார். மூன்று ஆண்டு கழித்துத் தசம முறையை விளக்கும் சிறு நூலையும் அவர்தான் எழுதினார். நம் களத்து மேட்டில் நடந்ததும் அங்கே நடந்ததும் ஒன்றுதான். கடன் வாங்குபவனுக்குக் கணக்கு தெரியாமல் இருப்பதில் கொடுப்பவனுக்கு லாபம்.

அடுத்த நாள் அந்தப் பெண் தன் அம்மாவின் கடன் அட்டையைக் கொண்டு வந்தாள். அவளுடைய அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். 12,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை, 'வருஷத்துக்கு 12 சதவீதம்தான்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வட்டி 1,440. மாதம் 1,000 அசல், 120 வட்டி, ஆக 1,120.

"12,000க்கு வருஷம் முழுக்க வட்டி கட்டுறீங்க. ஆனா 12,000 வருஷம் முழுக்க உங்க கையில இருக்கா?" என்று கேட்டேன். யோசித்தாள். முதல் மாதம் 12,000. இரண்டாம் மாதம் 11,000. கடைசி மாதம் 1,000. கூட்டிச் சராசரி எடுத்தால் 6,500. ஆக, 6,500 ரூபாய்க்கு 1,440 ரூபாய் வட்டி. 22 சதவீதம் வருகிறது. புத்தக முறைப்படி நுணுக்கமாகப் போட்டால் ஏறக்குறைய 21½.

அவள் கால்குலேட்டரை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இது எங்க புக்ல மூணாவது யூனிட்ல இருக்கு சார். ஆனா இதுதான் அதுன்னு தெரியாது" என்றாள்.

அன்றிலிருந்து நான் அவளைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அவளே ஓடினாள், நான்தான் பின்னால் போனேன்.

வட்டியிலிருந்து அடுத்த படிக்குப் போனோம். 1683இல் ஜேக்கப் பெர்னூலி ஒரு கேள்வி கேட்டார். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு 100 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கடைசியில் ஒரே தடவை சேர்த்தால் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டியை அசலில் சேர்த்தால் 2.25. மாதாமாதம் சேர்த்தால் 2.61. தினமும் சேர்த்தால் 2.71. இப்படிக் குறுக்கிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? 2.718 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். புத்தகத்தில் e என்று ஓர் எழுத்து வருமே, என்னை மூன்று முறை தோற்கடித்த அதே எழுத்து, அது இப்படி ஒரு வட்டிக் கணக்கில் பிறந்தது. இதை யாராவது எனக்கு 1987இல் சொல்லியிருந்தால்!

அணிகளுக்கு வந்தபோது அவள் அம்மாவின் கடையே போதுமாயிருந்தது. சனிக்கிழமை 120 இட்லி, 40 தோசை, 50 வடை. ஞாயிறு 150, 60, 80. இரண்டு வரிசை, மூன்று பத்தி, இது ஓர் அணி. இட்லி 7, தோசை 30, வடை 8 என்று விலையை ஒரு பத்தியாக எழுதினால் அது இன்னொரு அணி. பெருக்கினால் சனி 2,440, ஞாயிறு 3,490. "தினமும் ராத்திரி அம்மா மனசுலேயே இதைத்தான் போடுறாங்க சார்" என்றாள். இதையே ஒரு நாட்டின் தொழில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டவர் வாசிலி லியோன்டிஃப். ஒரு தொழிலின் உற்பத்தி இன்னொரு தொழிலுக்கு எவ்வளவு உள்ளீடாகப் போகிறது என்ற அட்டவணை. அதற்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

வகையீடு அவளுக்கு மிகவும் பயம். 1838இல் பிரெஞ்சு நாட்டுக் கூர்னோ என்பவர்தான் ஒரு வியாபாரியின் அதிகபட்ச லாபத்தைக் கண்டுபிடிக்க அதை முறையாகப் பயன்படுத்தினார். நான் அவளிடம் கேட்டது இவ்வளவுதான்: "ஏற்கெனவே 150 இட்லி ஊத்தியாச்சு. இன்னும் ஒண்ணு ஊத்த எவ்வளவு கூடுதல் செலவு? அந்த ஒண்ணால எவ்வளவு கூடுதல் வரவு? வரவு அதிகமா இருக்கிற வரைக்கும் ஊத்தலாம். ரெண்டும் சமமானா நிறுத்திடணும்." அந்தக் 'கூடுதல்' தான் வகையீடு. கடைசிப் பாடமான நேரியல் திட்டமிடலும் அப்படித்தான். 1939இல் ரஷ்யாவின் கான்டரோவிச் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் இயந்திரங்களை எப்படிப் பகிர்ந்து ஓட்டுவது என்று யோசித்ததில் பிறந்தது. 1947இல் அமெரிக்காவின் டான்சிக் அதற்குச் செய்முறை கொடுத்தார்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். பின்னத்திலிருந்து நேரியல் திட்டமிடல் வரை வர உலகத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நாம் அதை ஒரு பருவத்தில், தலைகீழ் வரிசையில், அடிப்படை இல்லாத பிள்ளைக்கு ஊட்டுகிறோம். பிள்ளைக்கு வரவில்லை என்றால் மண்டையில் இல்லை என்கிறோம். மண்டையில் எல்லாம் இருக்கிறது. நடுவில் நாலு படி இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் அனுபவத்தில் பலன் கொடுத்த முறையைச் சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் கல்லூரிப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஐந்து முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள கணக்குப் புத்தகங்களில் பின்னம், தசமம், சதவீதம், அடுக்கு, எளிய சமன்பாடு மட்டும். கல்லூரி மாணவி ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வைத்திருப்பதில் வெட்கம் வேண்டாம். நானும் அவளும் தரையில் உட்கார்ந்துதான் போட்டோம்.

அடுத்து வட்டியும் தவணையும். இது பணம் சம்பந்தப்பட்டதால் மனதில் நிற்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் முன் இரண்டு மூன்று ஆண்டுக்குக் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு அணிகள். கடைசியாக வகையீடு. தினம் ஒரு மணி நேரம். தப்பாகப் போட்ட கணக்குகளுக்கென்று தனி நோட்டு. ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டு மட்டும். பழைய வினாத்தாள்கள் கடைசி மாதத்தில்.

நவம்பரில் எழுதினாள். தேறிவிட்டாள். எவ்வளவு மதிப்பெண் என்று இங்கே எழுதினால் என்னைக் கோபித்துக்கொள்வாள், அதனால் விட்டுவிடுகிறேன். ஜவுளிக்கடைப் பேச்சு நின்றுவிட்டது. அம்மா அடுத்த கடன் வாங்கும் முன் அவளிடம் அட்டையைக் காட்டுகிறார் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய செய்தி.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாம் வகுப்பில் பின்னத்தை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். தேர்தல் வேலை வரும், கணக்கெடுப்பு வரும், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நாம் முடித்துவிட்டோம் என்று பதிவேட்டில் எழுதியது பத்து ஆண்டு கழித்து ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பில் வந்து நிற்கிறது. என் வாசலில் வந்து நின்றது.

என்னிடம் படித்து, பின்னம் புரியாமல் போன மற்ற பிள்ளைகளும் இருப்பீர்கள். இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட்டால், வீடு அதே தெருதான். சாயங்காலம் வாருங்கள்.